பழைய ஆடை வாணிகமும் இல்லறத்தார் நெறியும்

உலகில் நாம் துய்க்கும் பொருள்களை நம் ஆசாரியர்கள் இரு வகையாகப் பிரித்துள்ளனர். ஒருமுறை துய்த்த அளவில் தீர்ந்துபோவன போகம் எனப்படும். மீண்டும் மீண்டும் துய்க்கத் தக்கன உபபோகம் எனப்படும். உணவு முன்னதற்கும் ஆடை பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவ்விரு வகைப் பொருள்களுக்கும் அளவு வகுத்துக்கொள்ளுதலை இல்லறத்தாரின் விரதங்களுள் ஒன்றாக வைத்துள்ளன.

ஆடை மீண்டும் மீண்டும் துய்க்கத் தக்கது என்றால், அதனை ஒருவரேதாம் இறுதிவரை துய்த்தல் வேண்டுமா? ஒருவர் உடுத்தியதை மற்றொருவர் விலைக்கு வாங்கி உடுத்தலாமா? உடுத்தியவர் அதனை விற்றுப் பொருள் பெறலாமா? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விகளை எவரும் கேட்டிருக்க மாட்டார். இன்று மந்தைவெளியிலும் மயிலையிலும் வாழும் நம் குடும்பங்களில் பேத்தி கைப்பேசியைக் காட்டிக் கேட்கிறாள். பாட்டி முகம் சுளிக்கிறாள். இடையிலுள்ள தாய் விடை தெரியாது நிற்கிறாள். ஆகவே இதனைச் சற்றே நிதானமாக ஆராய்தல் நன்று.

முதலில் இவ்வாணிகம் நடைபெறும் முறையைத் தெரிந்துகொள்வோம். ஒப்படைப்பு விற்பனை என்பது புதியதொரு தத்துவமன்று. பொருளுக்கு உரியவர் அதனைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கிறார். விற்பனையாகும் வரை பொருள் உரியவருடையதே. விற்றபின் கடைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சிய தொகையைக் கொடுக்கிறார். விற்காவிடில் பொருளைத் திருப்பித் தருகிறார், அல்லது முன்பே பேசிக்கொண்டபடி வேறு வழியில் அனுப்பிவிடுகிறார். மேலை நாடுகளில் தெருமுனைக் கடைகளில் நெடுநாளாக நடந்துவந்த இம்முறை இணையத்துக்கு மாறியபின் பெருகிவிட்டது. அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய திரெட்அப், 2011-இல் தொடங்கிய தி ரியல்ரியல் ஆகிய நிறுவனங்கள் இதனைப் பெருவாணிகமாக்கிப் பங்குச் சந்தை வரை கொண்டுசென்றன. நம் நாட்டில் சிறு நிறுவனங்கள் சிலவும், இன்ஸ்டாகிராமில் தாமே படம் எடுத்து விற்கும் இளம்பெண்கள் பலரும் இதில் ஈடுபட்டுள்ளனர். ஒருமுறை மட்டும் உடுத்திய திருமண வரவேற்பு ஆடை, உடல் பருத்ததால் சிறுத்துப்போன சட்டை, பாட்டியின் காஞ்சிபுரப் பட்டு ஆகியவையெல்லாம் படமாக மாறி ஊர் ஊராகச் செல்கின்றன.

நம் தெருக்களுக்கும் பழைய ஆடை வாணிகம் புதிதன்று. எவர்சில்வர் பாத்திரக் கூடையைத் தலையில் சுமந்து, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துச் சென்ற பெண்களை இராமகிருஷ்ண மடம் சாலையை ஒட்டிய தெருக்களில் நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். நான்கு புடவைக்கு ஒரு தூக்குச் சட்டியா, ஐந்து புடவைக்கா என்று அரைமணி நேரம் திண்ணையில் வழக்காடல் நடைபெறும். பட்டுப் புடவை என்றால் பேச்சே வேறு. ஜரிகையிலுள்ள வெள்ளிக்காகவே அதனை வாங்குவோர் தனியே வருவர். பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசியதே சுத்த ஜரிகை. அப்புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பர். ஆறு மாதம் உடுத்தியிருந்தாலும் அறுபது ஆண்டு காத்திருந்தாலும் அப்புடவையின் முடிவு நெருப்புதான். எனவே பழைய ஆடையைப் பொருளாக மாற்றுவது நமக்குப் பழக்கமானதே. முன்பு பொருளாக மாறிய ஆடை பெரும்பாலும் ஆடையாக எஞ்சவில்லை. இப்போது அது ஆடையாகவே மற்றொருவரிடம் செல்கிறது. எரிவதினும் உடுத்தப்படுவது மேல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பெரியோர் சிலர் தடை எழுப்புகின்றனர். அத்தடைகளை மதித்து ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் தடை தூய்மை பற்றியது. "யார் உடுத்தியதோ, எந்நிலையில் உடுத்தியதோ, இறந்தவருடையதாகவும் இருக்குமோ" என்று அஞ்சுகின்றனர். உடல் தூய்மைக்கு வெந்நீரும் சோப்பும் வெயிலும் போதும். அதற்கு அப்பாற்பட்ட அச்சத்துக்கு நம் தத்துவமே விடை கூறுகிறது. ஆடை புற்கலம், உயிரற்றது. வினை உயிரைப் பற்றுவது, துணியைப் பற்றுவதன்று. ஒருவருடைய தீவினை அவர் உடுத்திய புடவையின் வழியாக மற்றொருவரைச் சேரும் என்பது வினைக் கோட்பாட்டை அறியாதார் கூற்று. மேலும் நம் இல்லங்களில் பிறந்த குழந்தையை முதலில் எதில் கிடத்துகிறோம்? பாட்டியின் நைந்த நூல் புடவையிலும் தாத்தாவின் வெளுத்த வேட்டியிலும்தானே! தூளி கட்டுவதும் பழம்புடவையில்தான். புதுத் துணியின் கஞ்சி மொடமொடப்பு பச்சிளங் குழந்தையின் தோலுக்கு ஆகாது என்று அறிந்த முன்னோர், பிறர் உடுத்த ஆடையையே வாழ்வின் முதல் ஆடையாக நமக்கு அளித்தனர். வழிபாட்டுக்கென்று தனியே வைத்திருக்கும் தூய ஆடையை இதில் சேர்க்க விரும்பாதோர் சேர்க்க வேண்டாம். ஏனையவற்றில் தயக்கம் தேவையில்லை.

இரண்டாம் தடை கௌரவம் பற்றியது. "பழந்துணியை இல்லாதவர்க்குக் கொடுப்பது தருமம், விற்பது இழுக்கு" என்பர். கேட்பதற்கு இது உயர்ந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் நாம் கொடுப்பது எத்தகையது என்பதையும் பார்த்தல் வேண்டும். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபின், நாகப்பட்டினம் பகுதிக்கு நாடெங்குமிருந்து பழந்துணிகள் லாரி லாரியாக வந்து குவிந்தன. வாங்குவாரின்றிச் சாலையோரங்களில் அவை மழையிலும் மண்ணிலும் கிடந்தன. வீடிழந்த மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. அவர்கள் இழந்தது வீட்டையும் உறவையும், மானத்தையன்று. கிழிந்ததும் கறைபட்டதும் பொத்தான் அறுந்ததும் தருமம் என்ற பெயரில் வந்தபோது, அது தம்மைக் குப்பைத் தொட்டியாக எண்ணியதாகவே அவர்களுக்குப் பட்டிருக்கும். 1999-இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அத்துணிகளை எடுத்துத் தரம் பிரித்துப் பயன்படச் செய்தது. அவ்வமைப்பு துணியைப் பிச்சையாக வழங்காது, குளம் தூர்வாருதல், சாலை அமைத்தல் போன்ற ஊர்ப்பணிக்கு ஈடாக வழங்குவதை நெறியாகக் கொண்டது. அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கொடுத்தல் என்ற சொல் மட்டும் ஒரு செயலைத் தானமாக்கிவிடாது. பெறுபவரின் தேவையையும் மதிப்பையும் எண்ணிக் கொடுப்பதே தானம். தமக்குத் தேவையற்றதைக் கண்ணில் படாமல் ஒழிப்பது வீட்டைத் துப்புரவு செய்வதேயன்றி வேறன்று. நல்ல ஆடையை நேரிய விலைக்கு விற்பதும், அதனைத் தன் ஊதியத்தில் ஒரு பெண் தானே தேர்ந்து வாங்குவதும் இருவர்க்கும் இழுக்காகா. வாங்குபவள் எவர்க்கும் தலைவணங்க வேண்டியதில்லை. வறியவர்க்குக் கொடுக்க விரும்புவோர் தாம் இன்னும் உடுத்தக் கூடியதைத் துவைத்து, மடித்து, பொத்தான் தைத்துக் கொடுக்கட்டும்.

இனி, இவ்வாணிகத்தால் விளையும் நன்மையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. ஓர் ஆடை புதிதாக உருவாகும்போது நீர்வாழ் உயிர்க்கும் நிலவாழ் உயிர்க்கும் நேரும் துன்பம் சிறிதன்று. ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாக உலக வனவுயிர் நிதியம் கணக்கிட்டுள்ளது. நம் திருப்பூரையே எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள சாயப்பட்டறைக் கழிவுகள் நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிருக்கும் கால்நடைக்கும் உதவாததாயிற்று. உழவர்கள் நெடுங்காலம் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நீரைக் காய்ச்சி வடிகட்டிப் பருகும் மரபினராகிய நாம், நம் சட்டையின் சாயம் எத்தனை நீருயிர்களை மாய்த்தது என்று எண்ணாதிருத்தல் தகுமா? இருக்கும் ஓர் ஆடை மேலும் ஐந்து ஆண்டு உடுத்தப்பட்டு, அதனால் புதியது ஒன்று வாங்கப்படாது நின்றால், அந்த அளவுக்கு ஹிம்சை குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் விற்காத புத்தாடைகளைப் பெருநிறுவனங்கள் அழிப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024-இல் இயற்றியுள்ளது.

இங்கே பட்டு பற்றிய வினாவை ஒதுக்கிச் செல்ல இயலாது. ஆரணியும் காஞ்சியும் நம் மூதாதையர் ஊர்களுக்கு அண்மையிலுள்ள நெசவூர்கள். நம் திருமணங்களிலும் பட்டு புகுந்துவிட்டது. மாணவியர்க்குக் கொடுக்கும் கணக்குப் போல ஒரு கணக்கு இடுவோம். ஒரு கிலோ கச்சாப் பட்டு நூலுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ கூடுகள் தேவை. ஒரு கூட்டின் எடை இரண்டு கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் 3,500 கூடுகள் ஆகின்றன. அரைக் கிலோ பட்டு நூல் கொண்ட ஒரு புடவைக்கு 1,750 உயிர்கள் கொதிநீரிலோ ஆவியிலோ மாய்கின்றன. கூட்டிலிருந்து அந்து வெளியேறிய பின்னரே நூல் எடுக்கும் அஹிம்சைப் பட்டினை ஆந்திர அரசின் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜய்யா 1990-களில் உருவாக்கினார். ஆயினும் கடைகளில் மின்னும் பட்டு பெரும்பாலும் கொதிநீர்ப் பட்டே.

அப்படியாயின், பழைய பட்டை இணையவழி வாங்குவோர் அவ்வுயிர்க்கொலைக்குப் பொறுப்பாளரா? "புழு என்றோ இறந்துவிட்டது, நான் வாங்குவதால் புதிதாக ஒன்றும் இறக்கவில்லை" என்று இளையோர் வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் நம் அறநூல்கள் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாகக் காண்கின்றன. பழம்பட்டை வாங்குபவள் செய்யவும் இல்லை, செய்விக்கவும் இல்லை. உடன்படுகிறாளா என்பதே வினா. அதற்கு விடை அவள் உள்ளத்திலும் அவளைக் காண்போர் உள்ளத்திலும் உள்ளது. திருமண மண்டபத்தில் அவள் பட்டுடுத்தி வர, "எங்கே வாங்கினாய்? அதேபோல் எனக்கும் வேண்டும்" என்று ஒருத்தி கேட்டுப் புதியது வாங்கினால், புழுவின் கணக்கு மீண்டும் தொடங்குகிறது. பழையதை விற்றவள் அப்பணத்தில் புதுப்பட்டு வாங்கினாலும் அவ்வாறே. எனவே நம் கருத்து இது. பட்டைத் துறப்பதாக விரதம் பூண்டவர்க்குப் பழையது என்ற சொல் புறவாயில் ஆகக் கூடாது. பட்டு உடுத்தியே தீருவேன் என்பார், புதியதை விடுத்துப் பழையதை உடுத்துவது தீமையில் குறைந்தது. தாயிடமிருந்து வந்த பட்டு வீட்டில் இருந்தால் அதனை நெருப்புக்குக் கொடாது காப்பதே தக்கது.

அடுத்து, வாணிக நேர்மை. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தினைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருடிய பொருளை ஏற்றல், அரசின் சட்டத்துக்கு மாறாக நடத்தல், அளவையில் கூட்டியும் குறைத்தும் ஏமாற்றுதல், போலியை மெய்ப்பொருள் என்று விற்றல் ஆகியன அவை. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த இவ்வைந்தும் இன்றைய பழைய ஆடைச் சந்தைக்கென்றே எழுதியன போலுள்ளன. கைப்பேசித் திரையில் வாங்குபவர் துணியைத் தொட இயலாது, முகர இயலாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இயலாது. படம் எடுப்பவர் கறையுள்ள பக்கத்தை மடித்து மறைக்கலாம். பல்லாண்டு மடிப்பிலேயே இருந்த பட்டு மடிப்பு வழியே இற்றுப் பிரிந்திருக்கும். மடித்தே படம் எடுத்தால் அது தெரியாது. செம்பு இழை ஜரிகையைச் சுத்த ஜரிகை என்று எழுதிவிடலாம். நெசவாளர்க்கே தரமான ஜரிகை கிடைப்பது அரிது என்றுதான் தமிழக அரசு 1971-இல் காஞ்சிபுரத்தில் ஜரிகை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அத்தகைய பொருளைப் படத்தில் மட்டும் கண்டு இல்லத்தரசி எங்ஙனம் அறிவாள்? பெருநிறுவனங்களும் இவ்வையத்துக்கு விலக்கல்ல. தி ரியல்ரியல் நிறுவனம் தன் பெயரிட்ட போலிக் கைப்பைகளை விற்றதாக ஷனேல் நிறுவனம் 2018-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

ஆதலின் விற்பவர் ஒரு நெறியைக் கைக்கொள்ளல் வேண்டும். ஆடையின் சிறப்பைக் கூறுமுன் அதன் குறையைக் கூறுதல் வேண்டும். கறை எங்குள்ளது, தையல் எங்கு பிரிந்தது, எத்தனை முறை உடுத்தியது, ஜரிகை எத்தகையது என்று தெரியும், எது தெரியாது என்பவற்றை எழுதிவிட்டால், அதனால் விலை நூறு ரூபாய் குறையலாம். அந்த நூறு ரூபாயே உண்மை விரதத்தின் விலை. வாங்குபவர்க்கும் கடமை உண்டு. புத்தாடையை வரவழைத்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல் உட்புறம் மடித்து வைத்து, விழாவுக்கு ஒருநாள் உடுத்திவிட்டு "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இளையோரிடையே பரவி வருகிறது. அதனைச் சாமர்த்தியம் என்கின்றனர். நம் நூல்களின்படி அது பொய்யும் களவும் சேர்ந்தது. அதனினும், உடுத்தியது என்று வெளிப்படையாகக் கூறி விற்பது ஆயிரம் மடங்கு மேலானது.

இவ்வளவும் கூறியபின் உள்ளிருக்கும் வினாவுக்கு வருவோம். தூய்மையும் நேர்மையும் அமைந்துவிட்டால், இவ்வாணிகம் நம் பற்றைக் குறைக்கிறதா, வளர்க்கிறதா?

ஓர் இல்லத்தரசியை எடுத்துக்கொள்வோம். அவள் பீரோவில் அறுபது புடவைகள் உள்ளன. இருபதை விற்றாள். மனம் இலேசானது. விற்ற பணம் கையிலிருந்தது, கைப்பேசியில் மலிவாக இருபது புடவைகள் தென்பட்டன, வாங்கினாள். இப்போது பீரோவில் எத்தனை? அறுபதேதான். எண்ணிக்கை மாறவில்லை என்பதோடு கணக்கு முடியவில்லை. முன்பு அறுபதை உடைமையாகக் கொண்டிருந்த மனம், இப்போது நாற்பது முறை விலை பேசி, ஒப்பிட்டு, விரும்பி, காத்திருந்து, ஏமாந்து, மகிழ்ந்து அலைந்திருக்கிறது. பொருள் அசையாது நின்றது; ஆசை ஓடியாடி வலுப்பெற்றது. அன்றியும் ஒரு புதிய தீங்கு உண்டு. முன்பு ஒரு புடவை எடுக்குமுன் "இது வாழ்நாள் முழுதும் நம்மோடு இருக்குமே" என்று தயங்குவோம். அத்தயக்கம் ஒரு காவல். "பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம்" என்ற எண்ணம் அக்காவலை வாயிலிலேயே அனுப்பிவிடுகிறது. விற்க முடியும் என்பதே வாங்குவதற்குக் காரணமாகிவிடுகிறது.

தசலட்சண நாள்களில் நாம் எண்ணித் துதிக்கும் பத்து அறங்களுள் எட்டாவது உத்தம தியாகம். ஒன்பதாவது உத்தம ஆகிஞ்சன்யம். கொடுப்பது தியாகம், எதுவும் எனதன்று என உணர்வது ஆகிஞ்சன்யம். விற்பனை இவ்விரண்டிலும் சேராது. அது வாணிகம். வாணிகம் தூயதாக இருக்கலாம், பயனுள்ளதாகவும் இருக்கலாம். ஆனால் இருபது புடவை விற்றவள் இருபது புடவையைத் துறந்தவள் ஆகாள். அவளுடைய உடைமை துணி வடிவிலிருந்து பண வடிவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. பற்று குறைந்ததா என்பதை விற்ற எண்ணிக்கையால் அறிய இயலாது. பீரோவில் எஞ்சிய எண்ணிக்கையாலும், அதன்பின் வாங்காது நின்ற நாள்களாலும்தான் அறிய இயலும்.

எனவே நம் குடும்பங்களுக்கு மூன்று நடைமுறைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அளவு. ஆண்டுதோறும் தசலட்சண காலத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், குழந்தைகள் உட்பட, தம் ஆடைகளை எடுத்துவைத்து எண்ணட்டும். ஓர் எண்ணைத் தாமே வரையறுத்து அதனை ஒரு தாளில் எழுதிப் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டட்டும். எண் பெரிதாயினும் குற்றமில்லை. அடுத்த ஆண்டு அது வளராதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, முறை. ஓர் ஆடை வாங்குமுன் இரண்டு வெளியேறட்டும். வாங்குவது பழையதாக இருக்குமாயின் நன்று. வெளியேறுவதில் உடுத்தத் தக்கதை விற்கலாம், அல்லது மதிப்புடன் கொடுக்கலாம். உடுத்தத் தகாததைத் துடைப்பதற்கும் தைப்பதற்கும் பயன்படுத்துவோம். கிழிசலைத் தருமம் என்று அனுப்புவதை இன்றோடு நிறுத்துவோம்.

மூன்றாவது, விற்ற பணம். அதனைக் கொண்டு மீண்டும் ஆடை வாங்குவதில்லை என்று உறுதி கொள்வோம். நம் ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கோ நூலுக்கோ அது செல்லட்டும். அப்போதுதான் விற்பனை தியாகத்தின் பக்கம் ஓரடி நகர்கிறது.

பேத்தி கைப்பேசியை நீட்டிக் கேட்கும்போது பாட்டியர் முகம் சுளிக்க வேண்டாம். பழையதை உடுத்த அவள் நாணவில்லை என்பது நல்ல அறிகுறி. நம் தலைமுறையில் பலர் அதற்கு நாணினோம். அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை வாங்கினால் உன் பீரோவிலிருந்து எவை வெளியே போகும், அம்மா?" அதற்கு அவள் விடை வைத்திருந்தால், மகிழ்ந்து வாங்கித் தருவோம். விடையில்லையேல், அவளோடு அமர்ந்து பீரோவைத் திறந்து எண்ணத் தொடங்குவோம். நம்முடையதையும் சேர்த்தே எண்ணுவோம்.

அறம் வளர்க!